தயக்க எண்

அன்று காலை தம்பி என் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். அவன் காலுக்கு அது பெரிது. வாசல்படியில் இடறியவன், "பரவாயில்லண்ணே, வண்டியில ஏறினா கழட்டத்தானே போறேன்" என்றான். சிரித்தேன். தூக்கக் கலக்கம் என்று தெரிந்துதான் சிரித்தேன்.

இருவருக்கும் ஒரே பேருந்துப் பணிமனை. அவன் ஓட்டுநர். ஓட்டுநர், நடத்துநர் யார் எந்த வண்டியில் எப்போது போவது என்று தீர்மானிக்கும் கணினி நிரலை எழுதியவன் நான். கேட்க எளிதாக இருக்கும். ஆள், வண்டி, தடம், விடுப்பு என்று ஒன்றை இழுத்துக் கட்டினால் இன்னொன்று அவிழும்.

புதிய தடங்கள் சேர்ந்தபோது கணினி கையை விரித்தது: தீர்வு இல்லை.

"மெஷினே முடியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் நீங்க எதுக்கு சார்?" என்றார் மேலாளர்.

நியாயமான கேள்வி. இரண்டு பணிகளுக்கு நடுவே முழு ஓய்வு கட்டாயம் என்ற விதிதான் முடிச்சு. அதைத் தளர்த்தினேன். ஓய்வைக் குறைக்கலாம், ஆனால் கணினி தயங்கித் தயங்கித்தான் குறைக்க வேண்டும். எவ்வளவு தயங்க வேண்டும் என்பதற்கு பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் ஓர் எண்.

சங்கத்தில் வாய் நீளமானவர்களுக்குப் பெரிய எண் கொடுத்தேன். மற்றவர்களுக்கு நடுத்தரம். தம்பிக்குப் பூஜ்யம்: தயக்கமே வேண்டாம். கூடப் பிறந்தவனுக்குச் சலுகை காட்டினேன் என்று நாளைக்கு ஒருவரும் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது.

தண்ணீருக்குப் பள்ளம் தெரிவதுபோல நிரலுக்கு அவனைத் தெரிந்துவிட்டது. எல்லோருடைய ஓய்வும் பத்திரமாக இருந்தது. வண்டிகள் நேரத்துக்குப் போயின. அவன் மட்டும் கடைசி வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் வண்டியில் ஏறினான்.

"என்னண்ணே, உன் மெஷினுக்கு என்மேல காதலா? வீட்டுக்கே விடமாட்டேங்குது."

"பொறுத்துக்கடா. நம்ம ஆளுன்னு உன்னைத்தானே கேக்க முடியும்?"

செருப்பு மாறியதற்கு முதல் நாள், ஒரே ஒரு நாள் லீவு கேட்டான். "நீ ஒருத்தன் உருவிக்கிட்டா மொத்தமும் சரிஞ்சுரும்" என்றேன். கணக்குப்படி அது உண்மை.

செருப்பு மாறிய அன்று, பாலத்தின் தடுப்புச் சுவரில் வண்டி மோதியது. சாலையில் பிரேக் போட்ட தடமே இல்லை. பயணிகளை ஏற்றுவதற்கு முன் காலியாகப் போகும் ஓட்டம் அது. ஆகவே செத்தது அவன் மட்டும். என் செருப்பில் ஒன்றுதான் திரும்பி வந்தது.

விபத்தை விசாரிக்க வந்தபோது நீங்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள். குடிப்பானா என்று கேட்டீர்கள். எண்ணைப் பற்றிக் கேட்கவில்லை ஐயா. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அவனைக் கொன்றது கணினி அல்ல, நான்தான். அவன் தூங்கிவிடுவான் என்று எனக்குத் தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது.

வாரிசு வேலை என்று அவன் மனைவியை நடத்துநராக எடுத்திருக்கிறார்கள். "எந்த டூட்டி போட்டாலும் பாத்துக்கறேன் மாமா. என்னால உங்களுக்கு ஒரு கெட்ட பேரு வந்துரக் கூடாது" என்றாள். தங்கமான பெண். இன்று காலை அவன் பெயரை எடுத்துவிட்டு, அதே வரிசையில் அவள் பெயரை ஏற்றினேன்.

எதிரே இருந்த எண்ணைத் தொடவில்லை.