தொண்ணூறு நாள் அவகாசம்

பிழை சொல்லி எழுதுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நன்றி சொல்ல மறந்துவிடுவார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வேலை கெட்டு நிற்கிறவனுக்கு மரியாதை எங்கே ஞாபகம் வரும்? பத்தொன்பது வருஷம் அப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பதில் எழுதிப் பழகியவன் நான். அதனால், அம்ருதா, நேற்று நீங்கள் எனக்குச் சாயா வரவழைத்துக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டதே எனக்குப் பெரிய உபசாரமாகத் தெரிந்தது. வக்கீலுக்குக் காத்திருக்காமல் நானே சொல்லிவிடுகிறேன்.

சைபர் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் ஏட்டையாவுக்கும் புரிய வேண்டுமே என்று கொஞ்சம் விளக்குகிறேன். பகலில் எனக்கு வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். அது சோற்றுக்கு. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்கின் மாடியில் வீடு. சாயங்காலம் அங்கே வந்து உட்கார்ந்தால்தான் நான் வெங்கிடேஸ்வரன். ‘வலைச்செவி’ என்று நான் எழுதிய ஒரு மென்பொருள். ஓர் ஆலையில் நூறு இயந்திரங்கள் கம்பி வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்குமே, அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டு, எது என்ன சொல்கிறது என்று மனுஷனுக்குப் புரிகிற மாதிரி திரையில் காட்டும். இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அனுப்பிய திருத்தத்தைச் சேர்ப்பதும் தள்ளுவதும் என் கையில்.

பெருமைக்குச் சொல்லவில்லை, எந்தெந்த தேசத்திலோ என்னைத் தெரியும். என் தெருவில் கரண்ட் ஆபீஸ்காரனுக்குக்கூடத் தெரியாது. அது என்னை உறுத்தியதில்லை.

முப்பிடாதியின் முதல் கடிதம் மார்ச் மாதம் வந்தது. ஆங்கிலம் தப்பும் தவறுமாக இருந்தது, விஷயம் மட்டும் துல்லியமாக இருந்தது. தோப்பும்படிப் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் வலையமைப்பு பார்க்கிறானாம். இறாலை உறையவைக்க அங்கே அமோனியா வாயு ஓடுகிறது. வாயு கசிந்தால் சொல்வதற்குச் சுவரெல்லாம் உணர்கருவிகள். அவை சொல்லும் எண்களை என் மென்பொருள் வழியாகத்தான் காவல் அறையில் பார்க்கிறார்கள். கருவி ஒருமுறை அளவுக்கு மீறி நீளமான செய்தி அனுப்பினால் வலைச்செவிக்கு அது புரியாமல் போகிறது. புரியவில்லை என்று சொல்லாமல் பழைய எண்ணையே புதிது போலக் காட்டிக்கொண்டு இருந்துவிடுகிறது. பிப்ரவரியில் வாயு கசிந்தபோது அரை மணி நேரம் திரையில் நான்கு என்றே நின்றிருக்கிறது. அது நிம்மதியாகத் தூங்கலாம் என்கிற எண். உள்ளே இறால் உரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை வெளியே தூக்கி வந்தபோது ஒருத்திக்கு உயிர் இல்லை. இன்னொருத்திக்கு ஒரு கண் போயிற்று, நுரையீரல் வெந்துபோயிற்று. அவள் பெயர் மாயம்மாள். முப்பிடாதியின் மனைவி.

இதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தான். முதலில் எழுதியிருந்தால் நான் உணர்ச்சிவசப்பட்ட கடிதம் என்று ஒதுக்கியிருப்பேன். அந்த மட்டில் அவனுக்கு வேலை தெரிந்திருந்தது.

அவன் சுட்டிய வரியை எடுத்துப் பார்த்தேன். எந்த வரியை யார் என்றைக்கு எழுதினார்கள் என்று பக்கத்திலேயே காட்டும் வசதி உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது. வேறு யாராவது எழுதியிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பேன். இதை மறைக்க விரும்பவில்லை. மறைக்கக் கூடாததை மறைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தான பிழையைக் கண்டவன் அதை ஊரறியச் சொல்லக் கூடாது. பராமரிப்பவனுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லித் தொண்ணூறு நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் திருத்தி வெளியிட வேண்டும். தொண்ணூறாவது நாள் தாண்டினால் அவன் எல்லோருக்கும் சொல்லலாம். முப்பிடாதி வழக்கத்தை மதித்தான். மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்க, எனக்குத் தொண்ணூறு நாள் கொடுத்தான். யோசித்துப் பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

முப்பதாம் நாள் வாக்கில் வீட்டுக்கே வந்தான். முப்பத்துநாலு வயசு. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். இடப்பள்ளியில் ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டே படித்தவனாம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

“சார், கொற சொல்ல வரல. ஒரே வரிதான். திருத்தத்த நானே எழுதி அனுப்பிருக்கேன், பாத்தியளா?” என்றான்.

“பார்க்கணும். நீ ஒருத்தன் பறஞ்சா போறுமா? நூறு எடத்துல ஓடறதாக்கும். ஒண்ண மாத்தினா ஒண்ணு கெடும்,” என்றேன்.

“செரி சார். ஆனா எத்தன கம்பெனியில இது ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்? அங்கயும் பொம்பளைய உள்ள ஒக்காந்து உரிச்சிக்கிட்டுத்தான இருப்பாவ.”

என் மனைவி மீனாக்ஷி அவனுக்குப் பேப்பர் கப்பில் சாயா கொடுத்தாள். எனக்கு எப்போதும் போல டம்ளரில். எங்கள் வீட்டில் அந்த மாதிரி வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை. வேலைக்காரர்கள் வந்து போகிற வீடு என்பதால் பேப்பர் கப் வாங்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அவன் போனபிறகு அவள், “யாராக்கும் அது? பெயின்ட் அடிக்கறவனா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவன் திருத்தம் சரியாக இருந்தது. புரியாத செய்தி வந்தால் பழைய எண்ணை அழித்துவிட்டுச் சிவப்பாக ஒரு கோடு காட்டும். படித்துச் சோதித்துச் சேர்க்கப் பதினோரு நிமிஷம் ஆகும். நான் அவசரப்படவில்லை. பொறுப்பில் இருப்பவன் அவசரப்படக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால். இதே புகாரை அவனுக்கு முன்பே மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் இங்கே களமசேரியிலிருந்து. ‘மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியவில்லை’ என்று எழுதி மூன்றையும் மூடினேன். எங்கள் வேலையில் மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாத பிழை பிழையே அல்ல. உண்மையில் நான் நிகழ்த்திப் பார்க்கவும் இல்லை. அந்த மூன்றில் முதலாவது வந்து நான்கு வருஷம் ஆகிறது.

திடீரென்று கோபம் வந்து செய்தீர்களா என்று கேட்டீர்கள். அப்படிச் சொன்னால் தண்டனை குறையும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் கோபக்காரன் இல்லை. ஐம்பத்தொன்றாம் நாள், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். அதற்குப் பிறகு மனசு லேசாக இருந்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

எண்பத்தெட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மீனாக்ஷியைத் திருப்பூணித்துறையில் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் சுமைக்காரர்கள் இருக்க மாட்டார்கள். மத்தியானத்திலிருந்து ஜூன் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓடு ஒழுகுகிறது என்று தரையில் தார்ப்பாய் விரித்து வைத்தேன். ஒழுகவில்லை. பிழையை என் கண்ணெதிரில் நிகழ்த்திக் காட்டு, யாரிடமும் சொல்லாமல் வா, அவகாசம் முடியவில்லை அல்லவா என்று எழுதியிருந்தேன். வழக்கத்தை மதிக்கிறவன் என்பதால் மனைவியிடமும் எங்கே போகிறான் என்று சொல்லாமல் வந்தான்.

லாப்டாப்பைத் திறந்து பொய்யாக ஒரு உணர்கருவியை உண்டாக்கி, நீளமான செய்தியை அனுப்பினான். கருவி முந்நூறு என்று கத்திக்கொண்டிருந்தது. என் திரையில் நான்கு. பத்து நிமிஷம் இரண்டு பேரும் அந்த நான்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பாத்தியளா சார், நின்னு போச்சி,” என்றான். அவன் குரலில் எகத்தாளம் இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் திரையைப் பார்த்தபடியே கேட்டான். “வெளியிடும்போது திருத்துனவன்னு எம்பேரு வரும்லா சார்? மாயம்மாகிட்ட காட்டணும். அவளுக்காவத்தான் இதப் படிச்சிக் கண்டுபிடிச்சேன்.”

“வரும்,” என்றேன்.

கதவு காற்றில் அடிக்காமலிருக்க ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று வைத்திருப்போம். கிடங்கில் பழைய தராசோடு வந்தது, மேலே வளையம் வைத்த இரும்பு. இரண்டு கையாலும் எடுத்து அவன் பின்மண்டையில் அடித்தேன். விழுவான் என்று நினைத்தேன், விழவில்லை. நாற்காலியோடு திரும்பி, “சார்,” என்றான். கூப்பிடுகிற மாதிரி. அவன் கை என் வேட்டியைப் பிடித்தது. அடுத்தது நெற்றியில். மண்டை உள்ளே போகிற சத்தம் மழையிலும் கேட்டது. தார்ப்பாயில் விழுந்து காலை இழுத்துக்கொண்டான். நான் குனிந்து மூக்கருகில் விரல் வைத்தேன். ஒரு வேலையைச் செய்தால் சரியாக முடிந்ததா என்று சோதிக்காமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை. மூச்சு இருந்தது. வாயில் ரத்தம் குமிழி விட்டது. இன்னும் நான்கு முறை அடித்தேன். ஒவ்வொரு முறையும் விரல் வைத்துப் பார்த்தேன். கடைசியில் முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எனக்குத் தோள்பட்டை வலித்தது, ஐம்பத்தேழு வயசு இல்லையா.

குளித்தேன். வேறு வேட்டி கட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். இருட்டின பிறகு சாக்கில் கட்டி, எடைக்கல்லையும் சேர்த்துக் கட்டி, கிடங்கின் பின்படி வழியாகக் காயலில் இறக்கினேன். கயிறு அவிழ்ந்து மூன்றாம் நாள் வைப்பின் தீவுக் கரையில் ஒதுங்கினான் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். முடிச்சு போடுவது எனக்கு வராத வேலை.

ஆனால் அதற்கு முன்னால், மேஜையில் உட்கார்ந்தபோது, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் கை தன்னால் ஒன்றைச் செய்தது. முடிந்த வேலையை முடிந்தது என்று குறிக்காமல் என்னால் எழுந்திருக்க முடியாது. அவன் புகாரைத் திறந்து, ‘புகார் அளித்தவரிடமிருந்து பதில் இல்லை’ என்று எழுதி மூடினேன். மணி நாலு இருபது. மூடினால் புகார் அளித்தவருக்குத் தானாகவே ஒரு கடிதம் போகும். அது அவன் வீட்டில் விட்டுவந்த போனுக்குப் போயிற்று. மாயம்மாள் அதைப் போலீஸிடம் கொண்டுவந்து காட்டினாள்.

முதல் நாள் என் வீட்டு மாடியில் நின்று நீங்கள் கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? “சார், பதில் வரல்லேன்னா பதினாலு நாள் காத்திருக்கணும்னு விதி எழுதினதே நீங்களாக்கும். காலம்பற பதினோரு மணிக்குக்கூட அவர் உங்களுக்கு வரேன்னு எழுதியிருக்காரே. இனிமே அவர் பதில் எழுத மாட்டார்னு நாலு இருபதுக்கே எப்படி அறிஞ்சேள்?” நம்மவாள் பெண் ஒருத்தி இவ்வளவு கூர்மையாகக் கேட்கிறாளே என்று அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆக, முப்பிடாதியைக் கொன்றவன் நான். தனியாகச் செய்தேன், தெளிந்த புத்தியோடு செய்தேன். ஏன் என்று திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். ஆயிரக்கணக்கான பேர் என் மென்பொருளை நம்புகிறார்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவினவன் வந்து திருத்த வேண்டிய நிலையில் அது இருக்கிறது என்று தெரிந்தால் அந்த நம்பிக்கை என்ன ஆகும்? அவர்களுக்காகத்தான் செய்தேன். எனக்கென்று நான் எதையும் கேட்டதில்லை.

இன்று காலையில் நீங்கள் கேட்டது வேறு. இந்த நிமிஷமும் எங்கெங்கோ ஐஸ் கம்பெனிகளில் அந்த வரி ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கே என்று எனக்கும் தெரியாது. உலகத்துக்கே அறிவித்தாலும் எத்தனை பேர் படிப்பார்கள்? ஆனால் என் மின் கையொப்பத்தோடு புதிய பதிப்பு வெளியானால் எல்லா இடத்திலும் தானாகவே மாறிவிடும். அந்தக் கையொப்பத்தின் கடவுச்சொல் என் தலைக்குள் மட்டும் இருக்கிறது. நேற்று ஆந்திராவில் ஒரு மீன் கம்பெனியில் ஏழு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சன் இல்லை.

வெளியிடத் தயாராக இருக்கும் அந்தத் திருத்தத்தை அச்செடுத்து மேஜையில் வைத்தீர்கள். படித்தேன். கீழே, திருத்தியவர் என்ற இடத்தில் இன்னும் முப்பிடாதி என்றே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுக் கொண்டுவாருங்கள், கடவுச்சொல்லைச் சொல்கிறேன்.