தேவகிக்கு நாலு எழுத்து

— ஐ, என், எஃப்... மூணு எழுத்து வந்துடுச்சு பூமாரி. கடைசி எழுத்துலதான் பேஜாரு. இந்தக் கம்பெனி பஸ்ஸு தடதடக்கறதுல நான் பேசறது காதுல வுழுதா, இல்லியா?

— கேக்குது உமாக்கா. யாருக்கு எழுத்து?

— நம்ம தேவகிக்குத்தான்! தெனம் போன்ல கேக்கறோமே, அந்தக் கதையில வர்ற நர்சு. அவ கொணம் இன்னா டைப்புன்னு நாலு இங்கிலீசு எழுத்துல கண்டுபுடிக்கிற டெஸ்டு. கமெண்ட்ல ஒரே அடிதடி. நானே அவளாட்டம் நெனச்சுகினு பதில் போட்டுனு வரேன்.

— கதையில வாரவளுக்கு எதுக்குக்கா டெஸ்ட்டு?

— இப்பிடியும் ஒருத்தி இருப்பாளான்னு எனக்குப் புரியலடி, அதான். கேளு. ஐ-ன்னா தனக்குள்ளயே பேசிக்கிற கேசு. என்-ன்னா கண்ணுக்குத் தெரியாததையும் மோப்பம் புடிக்கிறது. எஃப்-ன்னா மனசு சொல்றபடி நடக்கிறது. கரெக்டா?

— கரெக்ட்டுதான். ஆஸ்பத்திரில கெடந்த அந்தத் தாத்தா ஒரு வார்த்தை கேக்கல, இவளா போன் போட்டு அவரு மகன வரச்சொன்னா பாத்தியளா. நான் அழுதுட்டேன்.

— நீ எதுக்குத்தான் அழுவல? கம்பெனில நம்ம லைன்ல வேலை செய்யற கவிப்பிரியா மயக்கம் போட்டு வுழுந்தப்போ அவளவிட நீதான் ஜாஸ்தி அழுத.

— பாவம்லா அவ. சாப்பிடாம வந்திருந்தா.

— சரி, கடைசி எழுத்து. ஜே-ன்னா டக்குனு முடிவெடுக்கிறவ. பி-ன்னா பாக்கலாம் பாக்கலாம்னு இழுக்கிறவ. நான் பி போட்டேன்.

— ஏன்க்கா?

— பின்ன? வெளியூரு ஆஸ்பத்திரில வேலை கெடைச்சாச்சு. கூட்டாளி போவாதன்னு அழுவுறா. இவ போறேன்னும் சொல்லல, இருக்கேன்னும் சொல்லல, கம்முனு நிக்கிறா. அந்தக் கூட்டாளி பொண்ணு, இவ போவலன்னு நெனச்சு, இங்கியே ரெண்டு பேருக்கும் சேத்து வூடே பாத்துட்டா!

— பேசலைன்னா சரின்னு அவளா நெனச்சுக்கிட்டா எப்படி?

— வேற எப்பிடி நெனைப்பாங்க? நம்ம லைன்லயே பாரு. எதுனா தப்புன்னா மெஷின நிறுத்தறதுக்குக் கயித்த இழுக்கணும். இழுக்கலன்னா ஓகேன்னு ஓடினே இருக்கும். எந்தம்பி லோகேஷுக்கு உன்னக் கேக்கட்டான்னேன், நீ குனிஞ்சுகினு சிரிச்ச. அன்னிக்கே எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வல்லக்கோட்டை கோயில்ல பூ வெக்கறோம், பொடவைகூட எடுத்தாச்சு. உங்கப்பாவ வரச்சொன்னியா?

— அப்பாட்ட இன்னும் சொல்லலக்கா.

— அய்ய! அவரு திருநெல்வேலிலேர்ந்து வர வாணாமா? எப்பத்தான் சொல்லுவ?

— அதுக்கு முன்னாடி அந்த எழுத்த மாத்துங்க. ஜே போடுங்க.

— தேவகிக்கா? ஜே-வா? வாயத் தொறக்கவே ஒரு வருசம் ஆவும் அவளுக்கு!

— அவ மொத நாளே முடிவெடுத்துட்டாக்கா. ராத்திரியானா பெட்டில துணிய அடுக்குதா. காலைல அந்தக் கூட்டாளிப் பிள்ள மூஞ்சியப் பாத்ததும் எல்லாத்தையும் திரும்ப எடுத்து வைக்கா. முடிவெடுக்கத் தெரியாம இல்ல. சொன்னா அந்தப் பிள்ள மனசு ஒடிஞ்சிருமேன்னு பயம்.

— ஒடைஞ்சா ஒடையட்டும்டி! ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுனு இருப்பா. அப்பால அவளே வந்து சாப்ட்டியான்னு கேப்பா. சொல்லாம கொள்ளாம நம்பவெச்சு நிக்கிறதுதான் பெரிய பாவம். நானா இருந்தா, மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைடின்னு ரெண்டு வெச்சிருப்பேன்.

— நெசமாவா? அந்தப் பிள்ள எடத்துல நீங்க இருந்தா, அவகூட பேச்ச நிறுத்திர மாட்டியளே?

— சீ, நான் இன்னா அவ்ளோ கல்நெஞ்சக்காரியா? கூடப் பழகினவள வுட்டுருவனா? ஏன், அதுக்குப் போயி உனக்குக் கண்ணு கலங்குது? இந்தா, ஜே போட்டாச்சு. இப்ப சந்தோஷமா?

— போனக் கொஞ்சம் கீழ வைங்கக்கா. லோகேஷ் நல்ல பையன்தான்... ஆனா எனக்கு வேண்டாம்க்கா.