அரசரின் அறைக்கதவு

"வாள், கோட்டை, குதிரை எல்லாம் இருக்கணும். ஆனா பார்த்தா பொய்யா தெரியக்கூடாது. அப்படி ஏதாவது தொடர் இருக்காம்மா?" என்று பெரியப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார்.

எட்டாவதோடு பள்ளியை விட்டு நின்ற பெண்ணிடம் யாரும் இப்படியெல்லாம் கேட்பதில்லை. கத்தரிக்கோல் எங்கே, வெந்நீர் ஆயிற்றா என்று கேட்பார்கள். அதனால் அந்தக் கேள்வியை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டேன்.

பெரியப்பா தையற்காரர். கடைப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து முன்னறைக் கட்டிலில் இருந்தார். அவர் மகளுக்கு, அதாவது அக்காவுக்கு, வெளியூரில் வேலை. "இவ சும்மாதானே இருக்கா" என்று வீட்டில் என்னை அனுப்பிவைத்தார்கள்.

இடைக்காலத்தில் நடக்கும் நல்ல தொடர் லேசில் கிடைக்காது. பெரும்பாலானவற்றில் ஏர் உழுகிறவனுக்குக்கூடப் பல் பளிச்சென்று இருக்கும். போரிலிருந்து திரும்பும் வீரனின் சட்டை இஸ்திரி கலையாமல் இருக்கும். ராணி விழுந்து விழுந்து அழுவாள், கண்மை கலையாது. நான் முதலில் தனியாகக் கொஞ்சம் பார்ப்பேன். பாவாடை ஓரத்தில் சேறு இருக்கிறதா, சின்னக் காயத்துக்கும் ஆள் சாகிறானா, அரண்மனைக்குள் குளிர் தெரிகிறதா என்று பார்த்துத் தேறியதைத்தான் அவருக்குப் போடுவேன்.

அவர் பார்க்கிற விதமே தனி. "ராஜா சட்டைக் கையில மெஷின் தையல். இவன் ஆண்டா நாடு உருப்பட்ட மாதிரிதான்" என்பார். "தளபதி முதுகுல ஜிப்பு தெரியுது பாரு. முதுகுல குத்துறவனுக்கு எவ்வளவு வசதி" என்பார். நான் வாய்விட்டுச் சிரிப்பேன். என் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

அவரை நடக்கவைக்க மருத்துவமனையிலிருந்து பிசியோ அம்மா வந்துகொண்டிருந்தார். கறாரானவர். "கோட்டை எங்கயும் போயிடாது பெரியவரே, எந்திரிங்க" என்று தொடரை நிறுத்திவிடுவார். பெரியப்பாவும் எழுந்துவிடுவார். "சீக்கிரம் நடந்துடுவேன்மா. கடையைத் திறக்கணும். நீயும் உங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு நல்ல செய்தி சொல்வதாக அவருக்கு நினைப்பு.

அப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த தொடரில் ஓர் அரசர் படுக்கையில் கிடந்தார். மட்டமான தொடராக இருந்தால் அவருக்கு விஷம் வைத்திருப்பார்கள். இது நல்ல தொடர். அறைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை மட்டும் ஓர் அமைச்சர் பார்த்துக்கொண்டார். "கவனிச்சியா, கத்தியே எடுக்காம கொல்றான்" என்றார் பெரியப்பா. நான் கவனித்தேன்.

பிசியோ அம்மாவுக்குப் போன் செய்து, பெரியப்பாவை அக்கா தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள் என்றேன். பெரியப்பாவிடம், "இனிமே வந்து பிரயோஜனம் இல்லைன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க பெரியப்பா" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, "அக்காகிட்ட சொல்லாதே. பயந்துடுவா" என்றார். சொல்லவில்லை. நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை. அவர் மனம் வாடக்கூடாது என்று, அதுவரை தேடியதிலேயே சிறந்த தொடரை அன்றைக்குத்தான் கண்டுபிடித்துப் போட்டேன்.

கொஞ்ச காலம் நன்றாகப் போனது. ஒரு மதியம் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது அவர் சுவரைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. "தினமும் நீ வெளியே போறப்ப பழகுறேன். நடந்து போயி அந்தம்மா முன்னாடி நிக்கணும். முடியாதுன்னாங்களே" என்றார்.

மறுநாள் வெளியே போகும் முன் தரையைத் துடைத்தேன். சுவரோரத்தில் சோப்புத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவே விட்டேன். வழித்தெடுக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். கதவுக்கு வெளியே நின்றிருந்ததால், அவர் விழுந்த சத்தம் கேட்டதும் உடனே ஓடிவர முடிந்தது. இதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்த முறை மறுபக்கத்து இடுப்பு முறிந்தது. இனி நடக்க முடியாது என்று மருத்துவமனையில் உண்மையாகவே சொன்னார்கள். அங்கேதான் பிசியோ அம்மா அவரைப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போயிட்டார்னு சொன்னாங்களே" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சோப்புத் தண்ணீரைப் பற்றி யாருமே கேட்கவில்லை, அதையும் சொன்னேன். பெரியப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

மருத்துவமனையிலிருந்து தன் ஊருக்குக் கூட்டிப்போகும் வழியில், துணிமணி எடுக்க அக்கா அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, படுக்கையில் கிடந்த அந்த அரசரின் தொடரில் கடைசிப் பாகத்தைத் தயாராக நிறுத்திவைத்திருந்தேன். அரசர் கட்டில் காலைப் பிடித்து எழப்போகும் இடம். "பெரியப்பா, ராஜா எந்திரிச்சாரா இல்லையான்னு பார்க்காம போறீங்களே" என்றேன்.

சக்கர நாற்காலியை அக்கா ஒரு நொடி நிறுத்தினாள். அவர் திரையைப் பார்த்தார். அரசர் சட்டையில் மெஷின் தையல் நன்றாகவே தெரிந்தது. பிறகு சுவரோரத் தரையைப் பார்த்தார். நான்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். பெரியப்பா நாற்காலிச் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வெளியே போனார்.

அந்தத் தொடர் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.