உறவினர் அனைவரும் உள்ளூர்

எனக்கு மிச்சமிருக்கும் பற்களின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. விசாரணைக்கு இவ்வளவு நல்ல நாற்காலி போடுவது ஒருவகையில் தவறு. எழுந்து போக மனமில்லாமலே ஆள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

எங்கள் நிறுவனத்தின் வேலை எளிது. தனியாக வசிக்கும் முதியவர்களுக்குத் தினமும் காலையில் போன் செய்து நலம் விசாரிப்போம். எடுக்காவிட்டால் உள்ளூர் உறவினரைக் கூப்பிட்டுப் போய்ப் பார்க்கச் சொல்வோம். அப்படி ஒருவர் இல்லையென்றால் எங்கள் ஆளே போய்க் கதவைத் தட்டுவார். இன்றைக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று போன் பேசும் பெண்களின் திரை எங்கள் சர்வரைக் கேட்கும். சர்வர் வடிகட்டிச் சொல்லும். அந்த வடிகட்டியை எழுதுவது நான். ஓய்வு பெற்றுப் போனவனைத் திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அந்தச் சர்வர் பழசு. வேறு யாராவது தொட்டால் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். ஒருமுறை நான் தும்மியதற்குத் தானாகவே எழுந்திருக்கிறது.

என் மனைவியின் அண்ணனும் இந்தச் சேவையில் இருந்தார். மனைவி போன பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே உறவு நான். அவர் வேண்டுமென்றே போனை எடுக்க மாட்டார். உடனே போன் பேசும் பெண் என்னைக் கூப்பிடுவாள். நான் முழங்காலைத் திட்டிக்கொண்டே மூன்று மாடி ஏறிப்போனால், சதுரங்கப் பலகையை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"போன எடுத்தா என்ன மச்சான்?"

"எடுத்திருந்தா நீங்க வந்திருப்பீங்களா மாப்ளே?"

ஆட்டத்திலும் நியாயம் கிடையாது. அவருடைய குதிரை ஒரே தாவலில் பலகையைச் சுற்றிவந்து, சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு, என் ராணியை வெட்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பேசும் பெண்கள் குறைவு, கூப்பிட வேண்டியவர்கள் அதிகம் என்றார்.

"சொந்தக்காரங்க எல்லாரும் உள்ளூர்லயே இருந்தா, அவங்களே பாத்துக்கட்டும். நாம கூப்பிட வேண்டாம். அவங்களுக்கு ஒரு தகவல் மட்டும் அனுப்பிடுங்க."

"சொந்தம்னு யாருமே இல்லாதவங்க?"

"அப்படியும் ஒருத்தர் இருப்பாரா சார்? போய் எழுதுங்க, வயசான காலத்துல பயமுறுத்தாதீங்க."

எழுதினேன். ஒருவரைப் பற்றிய பதிவு ஓரிடத்தில் இருக்கும், அவருடைய உறவினர்களின் பதிவுகள் வேறோர் இடத்தில் இருக்கும். நடுவே ஒரு நூல் கட்டியிருக்கும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், உறவினர் இருக்கும் ஊரைப் பார்த்து, இவரை வைப்பதா தள்ளுவதா என்று சர்வர் முடிவு செய்யும். வெளியூரில் ஒரு சித்தப்பா இருந்தாலும் போதும், காலை அழைப்பு தொடரும். எல்லோரும் உள்ளூர் என்றால் நின்றுபோகும்.

யாருமே இல்லாதவரை அது எங்கே சேர்க்கும் என்று கேட்பீர்கள். என்னுடைய கார்கள் எல்லாமே பச்சை நிறம் என்று நான் சொன்னால் உங்களால் மறுக்க முடியாது, ஐயா. மறுக்க வேண்டுமென்றால் என்னுடைய மஞ்சள் கார் ஒன்றைக் காட்ட வேண்டும். என்னிடம் சைக்கிள்கூட இல்லை. சர்வரும் அப்படித்தான் யோசிக்கிறது. வெளியூர் உறவினர் ஒருவரைத் தேடும், கிடைக்காது, ஆகவே அனைவரும் உள்ளூர் என்று முடிவுகட்டும். ஆக, நாதியற்றவர்கள்தான் முதலில் பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டார்கள். இது எனக்குத் தெரியும். ஆனால் மேலாளர் சொன்ன வாக்கியத்துக்கு அதுதான் சரியான பொருள். சொன்னதற்கு மேல் செய்வது அதிகப்பிரசங்கித்தனம்.

பெரிய குழப்பம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. போன் வரவில்லை என்று சண்டை போட யாராவது வேண்டுமே. அந்தக் காலாண்டில் ஒரு புகார்கூட இல்லை என்று மேலாளர் எனக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தார். மாட்டியிருக்கிறேன். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

எனக்கும் ஒரு தகவல் வந்தது. உங்கள் மச்சானை இனி தினமும் நீங்களே பார்த்துக்கொள்ளவும் என்று. நான் எழுதிய வடிகட்டி, எனக்கே. தினமும் மூன்று மாடி, தினமும் அந்தக் குதிரை. அன்று பிற்பகல் அவருடைய பதிவுக்கும் என்னுடையதற்கும் நடுவே இருந்த நூலை எடுத்துவிட்டேன். உறவை முறித்தேன் என்று எழுதிவிடாதீர்கள். மச்சானை எனக்குப் பிடிக்கும். நூலை மட்டும்தான் எடுத்தேன். அதன்பிறகு அவர் சர்வரின் கணக்கில், உறவினர் அனைவரும் உள்ளூரில் இருக்கும் ஓர் ஆள். அழைப்பு கிடையாது. எனக்கும் தகவல் கிடையாது.

மச்சானே போன் செய்தார்.

"மாப்ளே, அந்தப் பொண்ணுக்கு என் மேல என்ன கோவம்? கூப்பிடவே மாட்டேங்குது."

"லீவா இருக்கும் மச்சான்."

"அத்தன பேருமா லீவு?"

"அத்தன பேரும்."

"சரி, நீங்களாவது வாங்க. பலகைய அடுக்கி வெச்சிருக்கேன். இந்தத் தடவ குதிரைய ஒழுங்கா நடக்கச் சொல்றேன்."

முழங்கால் வலி என்றேன். அதுவும் பொய்யில்லை.

பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. நிம்மதியாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கீழ்வீட்டுக்காரர் தன் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்று சத்தம் போட்டபிறகுதான் கதவை உடைத்தார்கள். குளியலறையில் குழாய் திறந்தபடி இருந்தது. வழுக்கி விழுந்திருக்கிறார். விழுந்ததும் உயிர் போகவில்லை, நாள் கணக்கில் கிடந்திருக்கிறார் என்றார் மருத்துவர். காலையில் யாராவது ஒருத்தர் கூப்பிட்டிருந்தால், என்று மேலும் ஏதோ ஆரம்பித்தார். அவரைப் பேச விட்டால் பேசிக்கொண்டே இருப்பார் போலிருந்தது, நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வடிகட்டியை எழுதியது நான். நூலை எடுத்தது நான். என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன். ஆனால் அவருக்கு அந்த அழைப்பு தொடர்ந்து வரும்படி செய்ய எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை, ஐயா. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். மச்சான் என்பதற்காக வளைக்க முடியுமா?

வேறொன்றும் இல்லை. நானும் இப்போது தனி ஆள்தான் என்பதால், நேற்று எங்கள் சேவையில் என்னையும் பதிந்துகொண்டேன். உறவினர் என்ற இடத்தில் மச்சானைப் போட்டு, அவர் இருப்பது வெளியூர் என்று குறித்தேன். இன்று காலை அந்தப் பெண் கூப்பிட்டாள்.