ஒழுகாத குழாய்

— குழாய் ஒழுகலையேக்கா.

— இல்ல.

— கதவுக் கீல்?

— அதுவும் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல ஒண்ணும் உடையலைன்னு துக்கம் விசாரிக்கிறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்.

— அப்ப நான் கிளம்பறேன். அடுத்த சனிக்கிழமை வரேன்.

— உட்காரு. ரெண்டு தட்டு எடுத்து வச்சிருக்கேன்.

— பரவாயில்லக்கா. வண்டியில சாப்பாடு இருக்கு.

— ஆறு வருஷமா இதே பதில். இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியா?

— எப்படிக்கா குடிப்பேன்? அந்தப் படத்துக்கு நேரா உட்கார்ந்து?

— என் புள்ள படம்தானே, உன்ன என்ன பண்ணப்போகுது?

— நான் லேட்டா பிரேக் போட்டேன்க்கா. கண்ணு ஒரு நிமிஷம் அசந்துடுச்சு.

— தெரியும். கோர்ட்டுல சொன்ன, ஜெயிலுக்குப் போன, வந்து என் கால்ல விழுந்தும் சொன்ன. மன்னிச்சுட்டேன்னு நானும் அன்னைக்கே சொன்னேன். இன்னும் எத்தனை தடவை சொல்லணும்? வாய் வலிக்குது தம்பி.

— வெறும் வார்த்தையை வாங்கிட்டுப் போக மனசு வரலக்கா. நானும் ஏதாவது செய்யணும்ல?

— சரி, செய். எத்தனை குழாய் மாட்டினா என் புள்ளைக்கு ஈடாகும்?

— ஈடாகாதுக்கா.

— அப்ப அந்த ஸ்பேனரைக் கீழ வை. சர்ச்சுலயும் இப்படித்தான் பண்ற. திருவிருந்துல அப்பமும் திராட்சை ரசமும் குடுக்கிற நேரத்துல எந்திரிச்சு வெளியே போயிடுற. கடைசி பெஞ்சுல இருந்தா தெரியாதுன்னு நினைப்பு.

— தகுதி வரட்டும்னு இருக்கேன்.

— தகுதி வந்தவங்க யாரு அந்த வரிசைல நிக்கிறாங்க? நீ ஜெயில்ல இருந்தப்போ, உயிரோட வெளியே வரக்கூடாதுன்னு தினமும் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணவ நான். எனக்கே குடுத்தாங்க. ஒரு கேள்வி கேக்கல.

— நீங்களாக்கா?

— நான்தான். உன்ன மன்னிக்கிற அளவுக்கு என்கிட்ட என்ன இருந்துச்சு? அங்க சும்மா கிடைச்சதுல இருந்துதான் உனக்கும் குடுத்தேன். அதுக்குப் பேரு கிருபை. நீ என்னடான்னா வாராவாரம் கூலி வேலைக்கு வந்து நிக்கிற.

— வேலை இல்லைன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்தப் படி ஏறுவேன்க்கா? ஏதோ கர்த்தர் புண்ணியத்துல வாராவாரம் அந்தக் குழாயாவது ஒழுகுச்சு.

— முதல் வாரம் மட்டும்தான் அதுவா ஒழுகுச்சு. அப்புறம் நீ வாசலோட திரும்பிடக்கூடாதேன்னு, வெள்ளிக்கிழமையானா நான்தான் அந்த நட்டைத் தளர்த்தி விட்டேன். இந்த வாரம் கையில தெம்பு இல்ல தம்பி, சும்மா வா.