அண்ணிக்குச் சேர வேண்டிய கல்

கண்ணாடித் தகட்டைத் துணியால் துடைக்கக் கூடாது, ஐயா. கீறல் விழும். மெல்லிய தூரிகையால் ஒரே பக்கமாகத் தூசியைத் தள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். நான் அவசரக்காரன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வானாய்வுக் கூடத்தில் எங்கள் அறைக்கு இரண்டு மேசைகள். ஜன்னலோர மேசை அண்ணனுடையது. கூடப் பிறந்தவர் இல்லை. எட்டு வயது மூத்தவர், பழகிய பழக்கத்தில் அண்ணன். வானத்தைப் படமெடுத்த தகடுகள் காலையில் எங்களிடம் வரும். நட்சத்திரமெல்லாம் புள்ளி, நகர்கிற கல் மட்டும் சின்னக் கோடு. அண்ணன் உருப்பெருக்கியில் அதன் இடத்தை அளந்து நோட்டில் பென்சிலால் எழுதுவார். நான் மையால் படியெடுத்து மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவேன்.

அப்படி அளந்தபோதுதான், செவ்வாய்க்கு அப்பால் சுற்றும் சிறுகோள் கூட்டத்தின் உள்வரிசையில், யாரும் பார்த்திராத ஒரு கல் அவருக்கு அகப்பட்டது. ஐந்து மைல் அகலம் இருக்கும். உருளைக்கிழங்கு என்று செல்லமாகக் கூப்பிட்டார். மற்றவர்களும் அதைப் பார்த்துப் பாதை உறுதியானால், கண்டவர் பெயர் வைக்கலாம். அண்ணி படுத்த படுக்கையாக இருந்தார். மருத்துவர் ஆறு மாதம் என்று சொல்லியிருந்தார். அண்ணியின் பெயரை, அவர் காதால் கேட்கும்படி வைத்துவிட வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஒரே ஆசை.

பார்க்கப் போயிருந்தேன். அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு கல்லு வெச்ச மோதிரம் கேக்குறேன் தம்பி. இப்ப அஞ்சு மைலுக்குத் தர்றாராம். எந்த விரல்ல போடுறது?" நான் கிளம்பும்போது மழை தூறியது. எழுந்திருக்க முடியாதவர், குடையை எடுத்துக் கொடுக்கும்படி அண்ணனிடம் சைகை காட்டினார். அந்தக் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மறுநாள் படியெடுத்தபோது, ஏழு என்ற எண் வந்த இடங்களில் ஒன்று என்று எழுதினேன். அன்றே தபாலில் சேர்த்தேன். வானம் கடவுளுடையது, அதில் மனுஷியின் பெயரை ஒட்டுவது கர்வம் என்று எனக்குப் பட்டது. அண்ணன் ஏற்கெனவே மூன்று கற்கள் கண்டவர். என் கணக்கில் ஒன்றுகூட இல்லை. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை.

மற்ற கூடங்கள் தவறான இடத்தில் தேடின. அதற்குள் கல் தொலைவாகி மங்கிவிட்டது. திரும்ப வர ஒன்றரை வருடம் ஆகும். தகட்டில் இருந்தது தூசியாக இருக்கும் என்று எழுதி அனுப்பினார்கள். இயக்குநர் அண்ணனின் கண்களைச் சோதிக்கச் சொன்னார்.

"தம்பி, நீ படியெடுத்ததுல ஏதாவது..." என்று அண்ணன் ஒருநாள் ஆரம்பித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கப்பா. உன்னைப் போயி கேட்டுட்டேன் பாரு."

மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். நோட்டை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அண்ணி ஐந்தாம் மாதம் போய்விட்டார். கடைசி வாரம் வரை, பேர் வந்துடுச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். தன் கண்ணையே நம்பாமல் போன அண்ணன் வேலையை விட்டார். கோடு எது, கீறல் எது என்று தெரியவில்லை என்றார். நான் அவர் வீட்டுக்கு வாரம் தவறாமல் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, தூசிதான் அண்ணே, யாருக்கும் வரக்கூடிய தவறுதான் என்று ஆறுதல் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். தினமும் அவருக்காகப் பிரார்த்திக்கிறேன்.

ஒன்றரை வருடம் கழித்துக் கல் வந்தது. எங்கே வரும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அளந்தேன், சரியான எண்களை அனுப்பினேன், கண்டவன் நான் என்று என் கணக்கில் உறுதியானது. விசாரணைக்கு வந்த நீங்கள் என் முன்னால் வைத்திருக்கும் பென்சில் நோட்டும் மைப்படியும் ஒத்துப்போகாது. ஆமாம், நான்தான் மாற்றினேன்.

அண்ணியின் பெயரையே வைத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்தேன், ஐயா. ஆனால் பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவனுக்கு உரியது. அதை இன்னொருவருக்காக விட்டுக்கொடுப்பது நேர்மையாகாது.