தோல் உறையில் இருந்த ரிவால்வர்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மூன்று பேர். ஜன்னலோரத்தில் இருந்தவன் நடுவில் இருந்தவர் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நடுவில் இருந்தவர் ஓரத்தில் இருந்த பாயிடம் சொன்னார்:

"எங்கப்பாவோட ரிவால்வரை நம்ம தோலே தின்னுடுச்சு பாய்."

"இன்னா சொல்றீங்க?"

"அப்பா போயிட்டாரு, வித்துடலாம்னு இன்னிக்குத் துப்பாக்கிக் கடைக்கு எடுத்துனு போனேன். வெள்ளைக்காரன் காலத்து சரக்குன்னாரு கடைக்காரர். எந்தக் கம்பெனின்னு பாத்தா, பேர் வெட்டின இடமெல்லாம் துரு. விசையும் நகரல."

"ஏனாம்?"

"தோல்ல உப்பும் ஆசிடும் இருக்குதாம். இரும்பை அதுல வைக்கவே கூடாதாம். எங்கப்பா தோல் பதனிடற டேனரி வச்சிருந்தவர் இல்லியா? சொந்தத் தோல்லயே உறை தைச்சு, வருஷக்கணக்கா அதுலயே வச்சிருந்தார்."

"அடடா. வெல ரொம்ப கம்மியாயிருக்குமே?"

"கம்மிதான். ஆனா வீட்டுக்குப் போய் அந்த உறையைக் கண்ணுல ஒத்திக்கணும் பாய். அப்பா போன மறுவாரம், நிலத்தகராறுல தம்பி அந்த ரிவால்வரை என் நெஞ்சுக்கு நேரா வச்சு விசையை அழுத்தினான். குண்டு போட்டுத்தான் இருந்துச்சு. ஏன் வெடிக்கலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

பாய் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"தம்பி இப்போ எங்க இருக்கான்?"

"மெதுவாப் பேசுங்க. என்மேல சாஞ்சு தூங்கறானே, இவன்தான்."